பிறர் இரகசியத்தைத் துருவலாமா?



சில வருஷங்களுக்கு முன் நான் வேறொரு பங்கில் ஊழியம் செய்துவந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அம்மாள் பங்களாவுக்கு வந்தார்கள். அவர்களுடைய மகளுக்கு இரண்டு ஓலைகள் வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பத்திரிகையும் அச்சாகி வந்துவிட்டது. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. முந்தானைக்குள் பொதிந்து வைத்திருந்த கைப்பேசியை என் முன்னே நீட்டி, "சாமி, இதைப் பாருங்க" என்றார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற ஒரு வாலிபன். பக்கத்தில் பெயர், வயது. மாப்பிள்ளைப் பையன்தான், சந்தேகமில்லை. அந்தப் படம் இருந்த இடம் ஒரு டேட்டிங் செயலி. அம்மாளின் தம்பி மகன் பெங்களூரில் வேலையாயிருக்கிறான். அவன் யாரோ ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, பொய்ப்பெயரில் கணக்குத் திறந்து, நாலு நாள் தேடி இதைப் பிடித்திருக்கிறான். பிடித்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அத்தைக்கு அனுப்பினான். அத்தை தம் தங்கைக்கு அனுப்பினார்கள். என் கைக்கு அது வந்தபோது குடும்பத்தில் எட்டுப் பேர் பார்த்தாயிற்று. பார்க்காதவர் இரண்டே பேர்: மணப்பெண்ணும் மாப்பிள்ளையும்.

இதை எழுதுவதற்கு அந்தப் பெண்ணின் சம்மதம் உண்டு. இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட காரியமல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கலங்க வேண்டாம். அன்று நான் செய்த தப்பிதம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்லுகிறேன்.

வயதானவர்கள் சிலர், "டேட்டிங் செயலி என்றால் என்ன சாமி?" என்று கேட்பீர்கள். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்வதற்காகக் கைப்பேசியில் இருக்கும் ஓர் ஏற்பாடு அது. தன் படத்தையும் வயதையும் அதில் போடவேண்டும். சுற்றுவட்டாரத்திலுள்ள மற்றவர்களின் படங்கள் ஒவ்வொன்றாய் வரும். வேண்டாம் என்றால் இடப்பக்கம் தள்ளுவது, பிடித்தால் வலப்பக்கம் தள்ளுவது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்றால் பேசிக்கொள்ளலாம். 2012-இல் வந்த டிண்டர் என்பதுதான் இந்தத் தள்ளும் வழக்கத்தை உலகமெங்கும் பரப்பியது. மணமாகாத ஒருவர் நல்ல நோக்கத்தோடு துணை தேட இதை உபயோகித்தால் அதையே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அபிரகாமின் ஊழியன் ஈசாக்குக்குப் பெண் தேடி அந்நிய ஊரின் கிணற்றங்கரையில் போய் நின்றான். தண்ணீர் மொள்ள வரும் பெண்களைப் பார்த்து, ஜெபம் செய்து, அதன் பிறகுதான் பேசினான். இன்றைய கிணற்றங்கரை இது என்று ஒரு வாலிபன் என்னிடம் வாதாடினான். இருக்கலாம். அந்த ஊழியன் செய்த ஜெபத்தை நீ செய்தாயா என்று கேட்டேன், சிரித்துக்கொண்டு போய்விட்டான். அங்கே வருகிறவர்களில் பலர் கலியாணத்தை நினைத்து வருவதில்லை என்பதும் உண்மை. மணமானவர்கள் அங்கே போவதைப்பற்றிச் சொல்லவேண்டியதேயில்லை.

ஆனால் இந்த வாரம் நான் எழுத வந்தது அங்கே போகிறவர்களைப்பற்றியல்ல. அங்கே யார் போகிறார் என்று எட்டிப்பார்க்கிறவர்களைப்பற்றி. இப்போது இது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 2016 ஏப்ரலில் ஸ்வைப்பஸ்டர் என்று ஒரு தளம் வந்தது. ஒருவரின் பெயர், வயது, ஊர் கொடுத்தால் அவர் டிண்டரில் இருக்கிறாரா என்று சொல்லும். அப்போது மூன்று தேடலுக்கு 4 டாலர் 99 செண்டு வாங்கினார்கள். பிற்பாடு முகத்தை வைத்துத் தேடித்தரும் தளங்களும் வந்துவிட்டன. பணம் கொடுத்தால் புருஷனைத் தேடலாம், மருமகனைத் தேடலாம், பக்கத்து வீட்டுக்காரனைத் தேடலாம்.

கனடா நாட்டு டொரொண்டோ நகரில் ஒரு கம்பெனி ஆஷ்லி மேடிசன் என்ற தளத்தை நடத்திவந்தது. மணமானவர்கள் இரகசிய உறவு தேடுவதற்கென்றே ஏற்பட்ட தளம் அது. அதைப் பகிரங்கமாக விளம்பரமும் செய்தார்கள். 2015 ஜூலையில் சிலர் அதன் இரகசியப் பெட்டகத்தை உடைத்தார்கள். தளத்தை மூடாவிட்டால் எல்லாப் பெயரையும் வெளியிடுவோம் என்று பயமுறுத்தினார்கள். கம்பெனி மூடவில்லை. ஆகஸ்டு 18-ந் தேதி பட்டியல் வெளியாயிற்று. சுமார் 3 கோடியே 60 லட்சம் கணக்குகள். மறுநாளே, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அது பட்டியலில் உண்டா இல்லையா என்று சொல்லும் தளங்கள் முளைத்தன. மனைவிமார் தேடினார்கள். அலுவலகத்தில் எதிரிகள் தேடினார்கள். வேலையற்றவர்களும் தேடினார்கள்.

சபாஷ், பாவிகள் அகப்பட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அன்று செய்தித்தாளைப் படித்தபோது கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது, ஒளிக்கமாட்டேன். ஆனால் பிறகு வந்தவற்றைக் கேளுங்கள். அந்தத் தளம் பதிவு செய்கிறவரின் மின்னஞ்சலைச் சரிபார்க்கவேயில்லை. யாரும் யாருடைய முகவரியையும் போட்டுவிடலாம். இங்கிலாந்தின் முன்னாள் பிரதம மந்திரி டோனி பிளேரின் பெயரிலே ஒரு முகவரிகூட அதில் இருந்தது! கனடா, ஆஸ்திரேலியா நாடுகளின் அந்தரங்கப் பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்து விசாரித்து 2016-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டினார்கள். மேலும், கம்பெனியே பெண்களின் பெயரால் பொய்க்கணக்குகளை உண்டாக்கி ஆண்களை இழுத்ததாகவும், பணம் வாங்கிக்கொண்டு "முழுதும் அழித்துவிட்டோம்" என்று சொன்ன விவரங்களை அழிக்காமல் வைத்திருந்ததாகவும் அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2016 டிசம்பரில் 16 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்தார்கள். ஆகவே பட்டியலில் பெயர் இருந்தவன் எல்லாம் விபசாரி என்று எவரும் சத்தியம் செய்யமுடியாது. ஒரு தடவை எட்டிப் பார்த்தவன், விளையாட்டுக்குப் பதிந்தவன், பகையாளி பதிந்துவிட்டவன், உண்மையாகவே கெட்டவன் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

அமெரிக்காவில் ஒரு புரோட்டஸ்டாண்டு போதகர், பட்டியல் வெளியான ஆறாம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கடைசியாக எழுதிவைத்த கடிதத்தில், அந்தப் பட்டியலில் தம் பெயர் இருப்பதைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்திருந்தார் என்று அவர் மனைவி பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள். நாங்கள் மன்னிக்கமுடியாத காரியமல்ல அது என்றும் சொன்னார்கள். மன்னிக்க மனைவி தயாராயிருந்தாள், பிள்ளைகளும் தயாராயிருந்தார்கள். ஆனால் அவர்களிடம் வாய்திறக்கும் முன்னே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்ற எண்ணம் அந்த மனிதனை விழுங்கிவிட்டது. அவர் செய்தது சரியென்று சொல்லவில்லை. ஆனால் பட்டியலை வெளியிட்டவர்கள் நீதியைச் செய்தார்கள் என்றும் என்னால் சொல்லமுடியவில்லை.

இது அந்நியருடைய கதை, கத்தோலிக்கரான நமக்கென்ன என்று இருக்கவும் முடியாது. 2021 ஜூலையில், அமெரிக்க மேற்றிராணிமார் சபையின் பொதுச் செயலாளராயிருந்த ஒரு குரு பதவியை விட்டு விலகினார். ஒரு கத்தோலிக்கச் செய்தித் தளம், டேட்டிங் செயலியிலிருந்து கசிந்து வணிகச் சந்தையில் விலைபோகும் இருப்பிட விவரங்களைக் கொண்டு, ஒரு கைப்பேசியின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்து அது அவருடையது என்று எழுதியிருந்தது. பிறகு 2023 மார்ச்சில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இன்னொன்றை வெளியிட்டது: டென்வர் நகரத்துக் கத்தோலிக்கர் சிலர் சேர்ந்த ஒரு குழு, குறைந்தது 40 லட்சம் டாலர் செலவில் இப்படிப்பட்ட விவரங்களை வாங்கி, செயலிகளை உபயோகிக்கும் குருக்களைக் கண்டுபிடித்து, மேற்றிராணிமாருக்குத் தெரியப்படுத்திவந்ததாம். குரு தவறினால் அது பெரிய தவறுதான். அபிஷேகம் பெற்றவன் இரட்டை ஜீவியம் நடத்தினால் ஆட்டுமந்தை சிதறும். நான் என் ஜாதிக்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆனால் 40 லட்சம் டாலர்! அந்தக் குருக்களில் ஒருவருடைய கதவையாவது தட்டி, "சாமி, உங்களைப்பற்றி எனக்குக் கவலையாயிருக்கிறது" என்று சொல்ல எத்தனை டாலர் ஆகியிருக்கும்?

நமதாண்டவர் இதற்கு ஒரு வழியை வரிசைக்கிரமமாகச் சொல்லியிருக்கிறார், அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் அவனிடமே சொல். கேளாவிட்டால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேளாவிட்டால்தான் சபைக்குச் சொல். நாம் செய்வது என்ன? முதலில் சபைக்குச் சொல்லுகிறோம். இந்தக் காலத்தில் சபை என்பது குடும்ப வாட்ஸாப் குழு. பிறகு இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுகிறோம். கடைசியில், சம்பந்தப்பட்டவனுக்கு எப்படியோ தெரியவருகிறது.

அர்ச். சூசையப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். தமக்கு நிச்சயிக்கப்பட்ட கன்னிகை கர்ப்பவதியாயிருப்பதை அவர் கண்டார். இதைவிடப் பெரிய அத்தாட்சி வேறென்ன வேண்டும்? ஸ்கிரீன்ஷாட் பொய்யாகலாம், இது பொய்யாகக்கூடியதல்ல. நியாயப்பிரமாணமும் அவர் பக்கம் இருந்தது. ஆனால் அவர் நீதிமானாயிருந்தபடியால் அவளைப் பகிரங்கமாக அவமானப்படுத்த மனதில்லாமல், இரகசியமாய் விலகிவிட யோசித்தார் என்று சுவிசேஷகர் எழுதுகிறார். நீதிமான் என்றால் குற்றத்தை வெளியிடுகிறவன் என்று நாம் நினைக்கிறோம். வேதாகமத்திலோ, குற்றம் என்று எண்ணியபோதே அதை மூடிவைக்கப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. பிறகு நித்திரையில் சம்மனசானவர் வந்து உண்மையைத் தெரிவித்தார். அவர் கண்டது மெய்; அதிலிருந்து யாரும் ஊகிக்கக்கூடியது பொய். அன்று சாயங்காலமே அவர் தச்சுப்பட்டறையில் உட்கார்ந்துகொண்டு நாசரேத்தூரார் நாலு பேரிடம் மனப்பாரத்தை இறக்கியிருந்தால், காலையில் சம்மனசானவர் எத்தனை வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்லவேண்டியிருந்திருக்கும்!

எட்டாம் கற்பனையைப் பொய்ச்சாட்சிக்கு மாத்திரம் உரியதென்று நினைக்கிறோம். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானோபதேச நூல், 2477-ஆம் எண்ணில், அயலானின் நற்பெயருக்கு விரோதமான மூன்று பாவங்களைக் காட்டுகிறது. போதிய ஆதாரமில்லாமல் அவன் குற்றவாளியென்று மனதுக்குள்ளேயே தீர்த்துவிடுவது ஒன்று. இல்லாததைச் சொல்லும் அபாண்டம் மற்றொன்று. நம்மவர்கள் மறந்துபோவது மூன்றாவதைத்தான். தகுந்த காரணமின்றி ஒருவனுடைய உண்மையான குற்றத்தை, அதை அறியாதவர்களுக்கு அறிவிப்பதும் பாவம். "உள்ளதைத்தானே சாமி சொன்னேன்" என்பது போக்கல்ல. ஒருவனுடைய நிலத்தின் பத்திரம் உண்மையாயிருப்பதனால் அதை நீ எடுத்துக்கொள்ளலாமா? பெயரும் ஒருவனுக்கு உடைமை. 1983-ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 220-ஆம் எண்ணிலே, ஒருவரின் நற்பெயரை நியாயமின்றிக் கெடுக்கவும் அந்தரங்கத்துக்குரிய உரிமையை மீறவும் எவருக்கும் அனுமதியில்லை என்று சொல்லியிருக்கிறது. களவு செய்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். பெயரைக் கெடுத்தவனுக்கும் அதே கடன் உண்டு. ஆட்டைத் திருடினவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய் விடலாம். எட்டுப் பேர் கைப்பேசிக்குப் போன படத்தை எப்படித் திருப்பி வாங்குவாய்?

பொய்ப்பெயரில் கணக்குத் திறப்பதைப்பற்றியும் ஒரு வார்த்தை. இதைச் சாமர்த்தியம் என்று பெருமையாகச் சொல்லுகிறார்கள். அதில் போட்ட படம் யாரோ ஒரு பெண்ணுடையது, அவளைக் கேட்டார்களா? அதோடு நிற்பதில்லை. விழுகிறானா பார்ப்போம் என்று இனிக்க இனிக்கப் பேசி இழுக்கிறார்கள். சோதிக்கிறவன் என்ற பெயர் சுவிசேஷத்தில் யாருக்கு இருக்கிறது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தேசச் சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை என்று 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு சொல்லுகிறது. சூசான்னாளின் தோட்டத்தில் ஒளிந்திருந்து பார்த்த இரண்டு முதியவர்களும் தங்களை நியாயாதிபதிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். தானியேல் அவர்களைப் பிரித்துவைத்து, எந்த மரத்தின் கீழ் கண்டாய் என்று தனித்தனியாகக் கேட்டபோது ஒருவன் ஒரு மரத்தையும் மற்றவன் வேறொரு மரத்தையும் சொன்னான். ஒரு கேள்வி கேட்கும்வரை ஊரே அவர்களை நம்பிக்கொண்டிருந்தது.

தேடுகிறவர்களுக்கும் பத்திரம் இல்லை. அமெரிக்காவில் ஆண்களைப்பற்றிப் பெண்கள் விசாரித்துக்கொள்வதற்கென்று டீ என்ற செயலி நடந்துவந்தது. 2025 ஜூலையில் அதன் பெட்டகமே உடைந்து சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அவற்றில் 13,000 படங்கள், அந்தப் பெண்கள் தங்களை நிரூபிக்கக் கொடுத்த முகப்படங்களும் அடையாள அட்டைகளும்.

சரி, அந்த அம்மாளிடம் வருவோம். நான் என்ன செய்தேன்? கலியாணத்துக்கு முன்பு விசாரிப்பது பங்குக்குருவின் கடமை. ஆகையால் மாப்பிள்ளையின் பங்குக்குருவுக்குப் போன் செய்தேன். அதுவரைக்கும் சரி. ஆனால் கதவைச் சாத்தவில்லை. வராந்தாவில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. பையனுடைய பெயரைச் சொல்லி, செயலியின் பெயரைச் சொல்லி, உரத்த குரலில் பேசினேன். மறுமுனையில் சாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டாவது தப்பிதம், அந்தப் பையனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையை வாசிக்காமல் விட்டேன்.

பூசையில் மற்ற இரண்டு ஓலைகளை வாசித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். கோவிலில் ஒரு சலசலப்பு. பெண்கள் பக்கத்தில் ஆறாவது வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் ஜெபப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் ஏன் வாசிக்கப்படவில்லை என்பது அந்தக் கோவிலில் அநேகருக்குத் தெரிந்திருந்தது, அவளுக்குத் தெரியாது. பீடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான்.

செவ்வாய்க்கிழமை அதிகாலை பையன் இராத்திரிப் பஸ்ஸில் பெங்களூரிலிருந்து நேரே பங்களாவுக்கு வந்துவிட்டான். பெண்ணையும் அவள் தகப்பனாரையும் வரவழைத்தேன். வேறொருவரும் இல்லை. பையன் சொன்னது இது: வேலைக்குப் போன புதிதில் சிநேகிதரோடு சேர்ந்து கணக்குத் திறந்தான். சில மாதம் பலரோடு எழுதிப் பேசினான். ஒரு பெண்ணை ஒரே தடவை காப்பிக் கடையில் சந்தித்தான். பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டான். கைப்பேசியிலிருந்து செயலியை எடுத்துப்போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தான். பலருக்கு இது தெரிவதில்லை: செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது வேறு, கணக்கை மூடுவது வேறு. மூடாத கணக்கு, அவன் மறந்த பிறகும் அவன் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். எல்லாருக்கும் முன்பாக அதைத் திரும்பத் திறந்து காட்டினான். கடைசியாக அனுப்பிய செய்திக்கு ஒரு வருஷத்துக்கு மேலாயிருந்தது. பெண் பேச்சு முடிவாவதற்கு வெகு முன்பு.

அவன் உத்தமன் என்று நான் சான்று கொடுக்கவில்லை. சில மாதங்கள் அவன் அங்கே நல்ல எண்ணத்தோடு இருந்தானென்று அவனே சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன்பு அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லியிருக்கவேண்டும் என்றும் கடிந்துகொண்டேன். ஆனால் அந்தப் பெண் சொன்னதுதான் எனக்கு இன்றும் கேட்கிறது. "அவங்க அதுல இருந்தது எனக்கு வருத்தந்தான் சாமி. ஆனா அதைவிட, எனக்கு முன்னாடி எட்டுப் பேருக்குத் தெரிஞ்சுதே, யாரும் எங்கிட்ட கேக்கலையே. நீங்களும் கேக்கலையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிக்கும்படி கேட்டேன். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தேன். ஒரு மாதம் தாமதித்துக் கலியாணம் நடந்தது. பொய்க்கணக்குத் திறந்த அந்தத் தம்பி மகன் இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லையாம். மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையே இன்னும் அளவான பேச்சுதான். பிரசங்கம் செய்து அதைச் சரியாக்க முடியவில்லை.

இதிலிருந்து, ஒன்றும் கேட்காதே, கண்ணை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடு என்று நான் போதிப்பதாக நினைக்கக்கூடாது. திருச்சபையே கேட்கிறது. ஓலை வாசிப்பது எதற்கு? 1215-இல் கூடிய நான்காம் லாத்தரான் பொதுச்சங்கம் இந்த வழக்கத்தைத் திருச்சபை முழுவதற்கும் கட்டளையிட்டது. 1563-இல் திரிதெந்தின் சங்கம் மூன்று கடன்திருநாட்களில் வாசிக்கவேண்டும் என்று ஒழுங்கு செய்தது. விவாகத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குக்குருவுக்கோ மேற்றிராணியாருக்கோ தெரிவிக்கவேண்டும் என்று இன்றைய சட்டம் 1069-ஆம் எண்ணிலும் விசுவாசிகள் எல்லாரையும் கட்டாயப்படுத்துகிறது. முந்தின விவாகம், நெருங்கிய உறவு, பலவந்தம் இவை போன்றவற்றைத் தெரிந்திருந்தும் வாய்மூடியிருந்தால் அதுவும் பாவம். ஆனால் ஓலையின் அமைப்பைக் கவனியுங்கள். அங்கே கேள்வி பகிரங்கம், பதில் இரகசியம். எல்லாருக்கும் முன்பாகக் கேட்கிறோம். தெரிந்தவர் ஒருவரிடம் தனியாக வந்து சொல்லுகிறார். இந்தக் கைப்பேசித் தேடலிலோ கேள்வி இரகசியம், பதில் பகிரங்கம்.

உங்களில் சிலருடைய சந்தேகம் வீண் சந்தேகமல்ல என்பதையும் அறிவேன். நடுராத்திரியில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு புருஷன் யாருக்கோ எழுதுவதைப் பார்த்த மனைவி கற்பனை செய்யவில்லை. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு அம்மா. விவாக வார்த்தைப்பாடு உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவரிடமே கேளுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டாம். கண்டதை மாத்திரம் சொல்லுங்கள், ஊகித்ததைச் சேர்க்காதிருங்கள். மறுத்தால், அவர் மதிக்கிற ஒரே ஒருவரை, அண்ணனையோ ஞானத்தகப்பனையோ என்னையோ, கூட்டிக்கொண்டு இரண்டாந்தரம் கேளுங்கள். உண்மையென்று தெரியவந்தால் வைத்தியரிடம் போய் உங்கள் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வெட்கப்படவேண்டாம். அவர் கை நீட்டுகிறவராயிருந்தால் இந்த வழி உங்களுக்கல்ல. தனியாக ஒன்றும் கேட்காமல் தாய்வீட்டுக்குப் போய்விடுங்கள். 181 என்ற எண்ணில் பெண்களுக்கு உதவி கிடைக்கும். புருஷன்மாருக்கும் இதே முறைதான். மனைவியின் கைப்பேசியைத் தூங்கும்போது எடுத்து அவள் விரலை வைத்துத் திறக்கும் ஆண்பிள்ளைகள் இந்தப் பங்கில் இல்லை என்று நம்புகிறேன்.

வேறொருவரின் புருஷனையோ மகனையோ தற்செயலாய்ச் செயலியில் கண்டுவிட்டீர்கள் என்றால்? முதலில், நீங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, படம் உண்மையானதென்று எப்படித் தெரியும்? பிறர் படத்தைத் திருடிக் கணக்குத் திறப்பது அன்றாடம் நடக்கிறது. சந்தேகமானதை நல்லவிதமாகவே பொருள்கொள்ளவேண்டும் என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் தமது வேதசாஸ்திரத் தொகுப்பில் விளக்கியிருக்கிறார். அப்படியானால் பலமுறை ஏமாந்துபோவோமே என்ற ஆட்சேபத்தையும் எடுத்துக்கொண்டு பதில் சொல்லுகிறார்: கெட்டவனை நல்லவன் என்று எண்ணிப் பலதரம் ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவன் என்று எண்ணிச் சிலதரம் தவறுவதைவிட மேலானது, ஏனெனில் பின்னதில் ஒருவனுக்கு அநியாயம் செய்யப்படுகிறது, முன்னதில் இல்லை. படத்திலுள்ளவரிடமே போய், "உங்கள் படம் இப்படி ஓரிடத்தில் இருக்கிறது, தெரியுமா?" என்று கேளுங்கள். திருட்டுப்படமானால் நன்றி சொல்லுவார். அவரே போட்டதானால், யாரோ ஒருவர் அறிந்துகொண்டார், ஆனாலும் என்னை அவமானப்படுத்தவில்லை என்று இராத்திரி நினைத்துப்பார்ப்பார். திரும்பிவர அதுவே போதுமானதாயிருக்கலாம்.

இதை வாசிக்கிறவர்களில், மணமாகியும் அப்படிப்பட்ட கணக்கு வைத்திருப்பவர் யாராவது இருந்தால்: யாரும் உங்களைத் தேடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கணக்கை இன்றைக்கே மூடிவிடுங்கள். கைப்பேசியிலிருந்து நீக்குவது போதாது, மேலே சொன்னேன். பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதைச் சேர்ந்து யோசிக்கலாம். அவள் இன்னொருவர் கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு காலைப் பூசையில் இரண்டு ஓலைகள் வாசிக்கப்படும். ஒன்று முதலாவது, மற்றது மூன்றாவது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் வெள்ளி, சனி மாலை 5 மணி முதல் 7 மணி வரை பங்களாவில் என்னை வந்து பார்க்கலாம். கைப்பேசியில் படம் ஏதேனும் கொண்டுவருகிறவர்கள், அதைச் சம்பந்தப்பட்டவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாருங்கள். உபதேசியார் அந்த நேரத்தில் கோவிலில் இருப்பார். கதவைச் சாத்திவிட்டுப் பேசுவோம்.

உங்கள் பங்குக்குரு